பஞ்சில் ஒட்டிய ரோஸ் சாயம்

அந்த ஸ்டூலில் உட்காராதீர்கள் ஃபாதர், ஒரு கால் ஆடும். இந்த நாற்காலிக்கு வாருங்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் மருந்துக்கடைப் பக்கம் யாரும் வரமாட்டார்கள்.

ஜாபஸ் மகள் ரெனிதாவுக்கு அடுத்த மாசம் கல்யாணம். அத்தைக்காரி ஞானசௌந்தரி வரமாட்டேன் என்கிறாள். தம்பி கொடுத்த கள்ள நோட்டால்தான் தன் தாலி போயிற்று என்று எட்டு வருஷமாக அவன் முகத்தில் விழிப்பதில்லை. அன்றைக்கு அந்த நோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தவன் இந்த இருதயராஜ்தான், அவனையே கேட்போம் என்று என்னிடம் வந்திருக்கிறீர்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி அனுப்பியிருப்பேன். எனக்கும் வயதாகிவிட்டது, மறைத்து மறைத்து அலுப்பாக இருக்கிறது.

பழைய ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்த அந்த நவம்பரில், பட்டாபிராமில் யார் கையைப் பார்த்தாலும் புது இரண்டாயிரம். அதுவரை யாரும் கண்ணால் காணாத நோட்டு. கலர் ஜெராக்ஸ் எடுத்து மாற்றுகிறார்கள் என்று தினம் ஒரு புரளி. என் தொல்லை வேறு. ஒரு அட்டை காய்ச்சல் மாத்திரைக்கு இரண்டாயிரத்தை நீட்டினால் சில்லறைக்கு நான் எங்கே போவேன்? இல்லை என்றால் சண்டை. பக்கத்து டீக்கடைத் துலுக்கானமே, “கல்லாவ தொற, நான் பாத்துக்கறேன்” என்று கவுண்டரில் ஏறப் பார்த்தார்.

அப்போதுதான் பஞ்சு கை கொடுத்தது. ஸ்பிரிட்டில் நனைத்து நோட்டின் ஓரத்தில் தேய்த்தால் ரோஸ் சாயம் ஒட்டும். “சாயம் போவுது, எனக்கு டவுட்டா கீது” என்று மெதுவாகச் சொல்வேன். சில்லறைக்காகக் கத்திக்கொண்டிருந்த ஆள் குரலை இறக்கி, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, நோட்டைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார். துலுக்கானமும் அப்படித்தான் போனார். பேங்கில் கொண்டுபோய்க் கேட்டால் போலீசில் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள் என்று பயம். இரண்டே நாளில் மளிகைக்கடை மோகன் என்னிடமே ஒரு ரோல் பஞ்சு வாங்கிப் போனார். பிறகு தெரு முழுக்க அதே பரீட்சைதான்.

நல்ல நோட்டில்தான் சாயம் ஒட்டும், ஒட்டாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும் என்று அந்த வாரமே பேப்பரில் போட்டிருந்தார்கள். படித்தேன். படித்துவிட்டு அந்தப் பேப்பரைக் கிழித்து மாத்திரை மடித்துக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஞானம் ஓடி வந்தாள். செருப்புகூட இல்லை. புருஷன் இக்னேஷியசுக்கு வீசிங் என்பது உங்களுக்குத் தெரியும், வாயில் வைத்து அழுத்துகிற மருந்து தீர்ந்துபோய்விட்டது. ஜாபஸ் காலையிலிருந்து பேங்க் வரிசையில் நின்று, ஆளுக்கு ஒன்று என்று கொடுத்த ஒற்றை நோட்டைத் தான் வைத்துக்கொள்ளாமல் அக்காவிடம் கொடுத்திருந்தான். வழக்கம்போலத் தேய்த்தேன். சாயம் ஒட்டியது.

“அண்ணே, மீதி வேணாம். முழுசா நீயே வெச்சிக்க. அவரு மூச்சு உட முடியாம ஒக்காந்துகினு கீறாரு. மருந்த மட்டும் குடுண்ணே.”

மீதி வேண்டாம் என்றால் எனக்குச் சில்லறைக் கஷ்டமே இல்லை. கை மருந்துத் தட்டு வரைக்கும் போனது. அவளுக்குப் பின்னால் துலுக்கானம் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு பேர், பாதிப் பேர் என் பஞ்சுக்குப் பயந்து திரும்பிப் போனவர்கள். “அப்ப என் நோட்டு மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சு?” என்று துலுக்கானம் கேட்டால் என்ன சொல்வேன்? இருபது வருஷமாக நாணயஸ்தன் என்று பேர் எடுத்தவன்.

“சாயம் போவுது பாரு ஞானம். இத நான் வாங்குனா என்னத்தான் உள்ள வெப்பாங்க” என்றேன்.

கடனாகக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். கடன் இல்லை என்று போர்டு தொங்குகிறது, எல்லாருக்கும் ஒரே நியாயம்தான். அவள் மற்ற மூன்று மருந்துக்கடைக்கும் ஓடினாள். நான் தேய்த்த ஓரம் வெளுத்துத் தெரிந்தது, பார்த்ததுமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆவடி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஆட்டோவிலேயே இக்னேஷியஸ் அடங்கிவிட்டார். பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். தோள் இரண்டு நாள் வலித்தது.

சாவு வீட்டில் ஜாபஸ், “பேங்க்ல குடுத்த நோட்டுண்ணே, நீயே சொல்லு” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். எனக்கும் அழுகை வந்தது, பொய் சொல்லவில்லை. “வரிசைல எவனாச்சும் மாத்தி உட்டுருப்பான்பா” என்றேன். நல்ல நோட்டைத் தான் வைத்துக்கொண்டு கள்ளநோட்டை அக்கா தலையில் கட்டிவிட்டான் என்று பிறகு ஊர் பேசியது. அதை நான் கிளப்பவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், இரண்டாயிரத்தையும் திரும்பப் பெறுகிறோம் என்றார்களே, அப்போது ஞானம் அதே நோட்டைப் பைபிளுக்குள்ளிருந்து எடுத்து வந்தாள்.

“இத பேங்க்ல குடுத்தா புடிச்சிக்குவாங்களாண்ணே?”

நல்லது என்று தெரிந்தால் அவள் மனசு என்ன பாடுபடும்? “என்கிட்ட குடு, கிழிச்சிப் போட்டுர்றேன்” என்றேன். என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

மறுநாள் பேங்குக்குக் கொண்டுபோனேன். கேஷியர் மெஷினில் விட்டுவிட்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நாலு ஐந்நூறு கொடுத்தார். நாலையும் அப்படியே நம் கோயில் உண்டியலில் போட்டேன்.

நல்ல நோட்டு என்று தெரிந்தேதான் ஃபாதர் அன்றைக்கு அவளைத் திருப்பி அனுப்பினேன். அவளிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். சொன்னால் ஒன்று மட்டும் விடாமல் சொல்லுங்கள், அந்தக் குடும்பத்துக் காசில் ஒரு ரூபாய்கூட இருதயராஜ் எடுத்துக்கொள்ளவில்லை.