திரையில் நின்ற லாஞ்சு

— அத்தறு மணக்க கல்ஃபில இருந்து வந்து நிண்ணு, எனக்க மாப்பிள, உனக்க அண்ணன், செத்தாருண்ணு கையெழுத்துப் போடச் சொல்லுதியேலே, தாசு!

— மைனி, நாளைக்கு நெய்யாற்றின்கரை கோர்ட்டில நம்ம குடியிருப்பு மண்ணுக்க குடிகிடப்புக் கேஸு கூப்பிடுவினும். எலியாண்ணன் உயிரோட உண்டெங்கி அண்ணனே வரணும். செத்தாச்செங்கி நீங்க எழுதிக் குடுக்கணும். ரெண்டும் இல்லெங்கி பத்து சென்டும் நிலத்துக்காரன் ஜன்மிக்க கைக்குப் போவும்.

— போவட்டும். இருக்கிய மனுசன சாவடிச்சு எனக்கு மண்ணு வேண்டாம்.

— பிள்ளியள எங்க கொண்டு கெடத்துவிய? றோட்டிலயா?

— விசா இல்லாம கள்ளத்தனமா லாஞ்சில ஏறி கல்ஃபுக்குப் போன ஆளு, அங்க எங்கயோ ஒளிச்சிருந்து வேல செய்யுதாரு. நீ அங்கத்த துறமுகத்தில ரேடாறு ஆப்பீசில கெடக்கவன். அவரக் கண்டியா? காணல்லெங்கி சும்மா கெட.

— அண்ணனக் காணல்ல. லாஞ்சக் கண்டேன்.

— என்னது?

— கடலில நிக்கிய படகு ரேடாறுக்க திரையில புள்ளியாத் தெரியும் மைனி. அத சோதிக்க ஒரு பெட்டி உண்டு. உள்ள தலமுடி கனத்தில கண்ணாடி நூலு. நீட்டினா பாறசாலையில இருந்து நெய்யாற்றின்கரை எட்டும். சுருட்டி வச்சிருக்கு. ரேடாறுக்க சிக்னல வெளிச்சமாக்கி அதுக்குள்ள விடுவினும். அம்புடு தூரமும் ஓடி வெளிய வர இம்பிடு பிந்தும். பிந்தினா, திரையில அஞ்சு மைல் தள்ளி ஒரு புள்ளி நிக்கும். அங்க வெறும் கடலாக்கும்.

— இல்லாத்த படக உண்டுண்ணு காட்டுமா? பேய்க்க வேல.

— ஏசு மரிச்ச துக்கவெள்ளி அன்னைக்கு மணல்காத்து. அதே அஞ்சு மைலில புள்ளி. 'பெட்டிய அணைக்கல்லியா'ண்ணு மேலாப்பீசரு சாயிப்பு கேட்டாரு. மறந்துபோச்சுண்ணு நானும் தலையாட்டினேன். பெட்டிக்க புள்ளிதானேண்ணு ஆரும் போய்ப் பாக்கல்ல. மூணு மணிக்கூறு நிண்ணுது. பின்னே மாஞ்சுது.

— பின்னே?

— அணைக்கப் போனேன். பெட்டி அலமாரியில பூட்டிக் கெடக்கு. ஒயறு குத்தவே இல்ல மைனி. மறுநாளு கரையில ஒடஞ்ச படகுக்க பலவ அடிஞ்சுது. அண்ணன் ஏறின லாஞ்சுக்க பேரு அதில உண்டு. நான் ஆருக்கிட்டயும் பறயல்ல.

— பொய்யி. பச்சப் பொய்யி. ஈஸ்டரு கழிஞ்சும் அவருக்க கடிதாசி வந்துதே!

— நான் எழுதினதாக்கும். உங்க மொகம் கண்ணில நிண்ணு ஒறங்க விடல்ல. மூணு எழுதினேன்.

— மூணா?

— மூணேதான். வேளாங்கண்ணி மாதா சத்தியமா.

— எலே... எனக்கிட்ட நாலு உண்டு. நாலாமத்தது நேத்து வந்துது. 'கரையில வெளக்கு தெரியுது, கூப்பிட்டுக் கூப்பிட்டு தொண்ட போச்சு, ஆரும் வரல்ல'ண்ணு எழுதியிருக்கு.