தாம் எழுதிய விதியைத் திருத்தச் சொன்ன அம்மாவுக்கு

சிதம்பரத்தில் பிறந்து, கடலூரில் கற்பித்து, அரசியலை அறிவாகவும் அறமாகவும் எங்களுக்குக் காட்டி, இம்மாத இறுதியில் பணி நிறைவு பெறும் பேராசிரியர் தில்லையம்மாள் அவர்களே, வணக்கம். உங்களோடு ஒரே அறையில் அமர்ந்து, ஒரே பானைத் தண்ணீரைக் குடித்து, உங்களிடம் வாதாடியும் வாதில் தோற்றும் வளர்ந்த அரசியல் அறிவியல் துறையார் அன்போடு வாசித்தளிக்கும் மடல் இது.

காலை ரயிலில் வந்து முதுநகர் சந்திப்பில் இறங்குவீர்கள். அகலப் பாதை போடுவதற்காக ரயிலை நிறுத்திய ஆண்டுகளில் பேருந்தில் வந்தீர்கள், பெரும்பாலும் நின்றுகொண்டு. முதல் மணி அடிக்கும்போது வகுப்பில் இருப்பீர்கள். தாமதமாக வரும் மாணவரை ஏன் என்று கேட்பீர்கள். பதிலைக் கேட்ட பிறகே முகம் சுளிப்பீர்கள். பல நாள் சுளிக்கவும் மாட்டீர்கள்.

மாணவர்களை ‘வாங்க, போங்க’ என்றுதான் அழைத்தீர்கள். மங்கலம்பேட்டையிலிருந்து வந்த முதலாண்டு மாணவர் ஒருவர் அதைக் கேட்டு வருந்தி, எங்கள் அறை வாசலுக்கே வந்துவிட்டார்.

“ஏன் மேடம் என்னைய மட்டும் கிண்டல் பண்றீங்க?”

“கிண்டலா? நான் என்ன சொன்னேன்?”

“வாங்க உக்காருங்கன்னீங்க. எங்க வூட்ல கூட யாரும் என்னைய அப்பிடிக் கூப்புட்டதில்ல.”

“எல்லாரையும் அப்பிடித்தான் கூப்புடுவேன். பழகிக்குங்க.”

அவர் பழகிக்கொண்டார். மூன்றாம் ஆண்டில் அவர் முதலாண்டு மாணவர்களை ‘வாங்க’ என்று அழைத்ததை நாங்கள் கேட்டோம்.

அமெரிக்க அரசமைப்புப் பாடம் நெடுங்காலம் உங்களுடையது. அந்த நாட்டை நிறுவியவர்களைத் தெய்வங்களாக்கி நீங்கள் நடத்தியதில்லை. அவர்களுடைய ஐயத்தைத்தான் நடத்தினீர்கள். அதிகாரத்தை நல்லவரிடம் ஒப்படைத்தால் மட்டும் போதாது, அந்த நல்லவர் நாளை மாறிப்போனாலும் நாடு பிழைக்கும்படி ஒப்படைக்க வேண்டும் என்பீர்கள். அதற்காக அவர்கள் ஆட்சியை மூன்றாகப் பிரித்தார்கள். ஆள்பவரையும் கட்டுப்படுத்தும் சட்டத்தை எழுத்தில் வைத்தார்கள். மக்களின் பெயரால் அதைத் தொடங்கினார்கள். நம் முகப்புரை மக்களாகிய நம்மிடமிருந்து தொடங்குவதும், அடிப்படை உரிமைகள் நம் கையில் இருப்பதும், சட்டம் சரிதானா என்று நீதிமன்றம் கேட்க முடிவதும் அந்த எண்ணங்கள் கடல் கடந்து வந்ததன் பயன் என்று விளக்குவீர்கள். கீரப்பாளையம் பக்கத்தில் ஒரு கிராம சபையில் ஒரு பெண் எழுந்து ‘ஏன்’ என்று கேட்டால் அதிலும் அவர்கள் இருக்கிறார்கள், அந்தப் பெண்ணுக்கு அது தெரிய வேண்டியதில்லை என்பீர்கள்.

அவர்களுடைய குறையையும் மறைத்ததில்லை. எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டார்கள் என்று எழுதியவரின் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள். அதையும் அதே வகுப்பில் நடத்துவீர்கள்.

2005இல் துறைத் தலைவரானதும் நீங்கள் செய்த முதல் வேலை, தலைவரின் அதிகாரத்தைக் குறைத்தது. துறைக்கென்று விதிகள் எழுதி, எங்களிடம் ஒப்புதல் வாங்கி, அலமாரிக் கதவில் ஒட்டினீர்கள். கால அட்டவணையைத் தலைவர் தனியே போடக் கூடாது. ஒருவரைப் பற்றி முடிவெடுக்கும் முன் அவரைக் கேட்க வேண்டும். நான்கு ஆண்டுக்கு மேல் யாரும் தலைவராக இருக்கக் கூடாது. மூப்பின்படி பணி நிறைவு வரை இருந்திருக்க வேண்டிய நீங்கள், 2009இல் எழுந்து, எங்களில் அடுத்த மூத்தவரான சபாபதியை அமர வைத்தீர்கள்.

“நாற்காலி சூடு கூட ஏறலயே அம்மா, அதுக்குள்ள எழுந்துட்டீங்க?” என்றார் சபாபதி.

“சூடு ஏறிப்போச்சின்னா எழுந்துக்க மனசு வராது சபாபதி. அமெரிக்காவோட முதல் குடியரசுத் தலைவரு ரெண்டு தடவ போதும்னு ஊருக்குப் போயிட்டாரு. இந்தா இருக்குற சிதம்பரத்துக்குப் போற எனக்கு என்ன கஷ்டம்?”

இவ்வளவும் புகழ்ச்சிக்கு உரியவை. ஆயினும் எங்கள் மனத்தில் உங்களை நிறுத்தியது இந்த ஆண்டு தைமாதத்து ஒரு கூட்டம்.

‘தானே’ என்று பெயரிட்ட புயல் கடலூரைத் தாக்கிப் போயிருந்தது. மின்சாரம் இல்லை. கல்லூரி திறந்து ஒரு வாரம் கடந்தும் கௌரவ விரிவுரையாளர் இசைவாணி வரவில்லை. அவருடைய கைபேசிக்கும் இணைப்புக் கிடைக்கவில்லை. வகுப்புகள் காலியாகக் கிடக்கின்றன, வேறொருவரை எடுத்துக்கொள்ளலாமா என்று நிர்வாகம் நம் துறையைக் கேட்டது. நிரந்தரப் பணியிலிருந்த நாம் ஐவரும் கூடினோம். ஆகட்டும் என்று எழுதிக் கொடுக்க இருந்த நேரத்தில் இசைவாணி வாசலில் வந்து நின்றார். சேலையில் சேறு காயவில்லை.

“என்னைப் பத்திதான் பேசுறீங்களா சார்?”

“கொஞ்சம் வெளிய இருங்கம்மா, சொல்லி அனுப்புறோம்” என்றார் சபாபதி.

“முடிவு பண்றதுக்கு முன்னாடி கேக்கணும்னு அந்தக் கதவுல எழுதியிருக்கே சார்.”

“அது பர்மனென்ட் ஸ்டாஃபுக்கும்மா. அதுக்குக் கீழயே எழுதியிருக்கு பாருங்க.”

எழுதித்தான் இருந்தது. கௌரவ விரிவுரையாளர்கள் ஆண்டுதோறும் மாறுவார்கள், இந்த விதிகளும் வாக்கும் அவர்களுக்கு இல்லை என்று விதியிலேயே இருந்தது. இசைவாணி அதைப் படித்தார். பிறகு உங்களைப் பார்த்தார்.

“சமம்னு எழுதுனவரு வூட்ல அடிமைங்க இருந்தாங்கன்னு இந்த வாரம் நான் பாடம் நடத்தணும் மேடம். அத எப்பிடி நடத்துறதுன்னு உங்ககிட்ட கேக்கலாம்னு இருந்தேன். இனிமே வேணாம், புரிஞ்சிபோச்சி.”

அவருக்கு அந்த வேலை ஒன்றுதான் இருந்தது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நீங்கள் எழுந்தீர்கள். “இந்த விதிய நான்தான் எழுதுனேன். தப்பா எழுதிட்டேன். திருத்தணும்.”

சபாபதி விடவில்லை. “ஒரு ஆளுக்காக விதிய மாத்தக் கூடாதும்மா. நீங்க சொல்லிக்குடுத்ததுதான் இது.”

“ஒரு ஆளு வந்து நின்னாதானே சபாபதி தப்பு கண்ணுக்குத் தெரியுது? அமெரிக்காவுல அரசமைப்ப எழுதி முடிச்ச சூட்டோட திருத்த ஆரம்பிச்சாங்க. அதுல வெக்கம் ஒண்ணும் இல்ல. தெரிஞ்சும் வெச்சிக்கிட்டிருக்கறதுதான் வெக்கம்.”

“அவுங்களுக்கு அடிமைங்கள விடுவிக்க ஒரு யுத்தமே வேண்டியிருந்துச்சி. நமக்கு ஒரு நாற்காலி போதும்” என்று ஐவரில் ஒருவரான ஆரோக்கியராஜ் தன் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு ஜன்னல் ஓரம் போய் நின்றார். “உக்காருங்க இசைவாணி. நீங்க நின்னா எனக்குக் கால் வலிக்குது.”

விரும்பியிருந்தால், அந்த அறையில் நீங்கள் ஒரு சொல் சொல்லியே முடித்திருக்கலாம். நாங்கள் கேட்டிருப்போம். நீங்கள் சொல்லவில்லை. தலைவர் சபாபதிதான், வாக்கெடுக்க வேண்டியவரும் அவர்தான் என்று காத்திருந்தீர்கள். அவர் வாக்கெடுத்தார். நால்வர் திருத்தத்துக்கு ஆதரவு. எதிர்த்த ஒரே கை சபாபதியுடையது.

பிறகு இசைவாணியைக் கேட்டோம். ஓடு பறந்து, சுவர் சரிந்து, தந்தை சிங்காரத்துக்கு இடுப்பு முறிந்திருந்தது. சாலையில் விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டி அவரைப் புதுச்சேரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய், அங்கேயே இருந்திருக்கிறார்.

“யார்கிட்டயாவது சொல்லி அனுப்பியிருக்கலாமேம்மா” என்றார் சபாபதி. அவர் குரல் இறங்கியிருந்தது.

“எங்க தெருவுல யாரு வூடு நின்னுச்சி சார், சொல்லி அனுப்ப?”

அன்று பிற்பகல் நிர்வாகத்திடம் போய் நெடுநேரம் வாதாடி, இசைவாணியின் வேலையைக் காப்பாற்றி வந்தவர் சபாபதி. “நான் எதுத்துப் போட்ட ஓட்டு அந்த ரூமோட முடிஞ்சிது. இப்ப இது துறையோட முடிவு” என்றார். அப்போது நீங்கள் அவரைப் பார்த்த பார்வையை நாங்கள் மறக்கவில்லை. இத்தனை ஆண்டு நடத்திய பாடம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று உங்களுக்கு அன்று தெரிந்திருக்கும்.

அம்மா, இனி உங்கள் முழங்கால் வலி குறையட்டும். கண் தெளிவாக இருக்கட்டும். மதியத்தில் ஒரு தூக்கம் வாய்க்கட்டும். பேரப் பிள்ளைகளையும் நீங்கள் ‘வாங்க, போங்க’ என்றே அழைப்பீர்கள். அவர்களும் பொறுத்துக்கொள்ளட்டும். எங்களுக்குள் சண்டை வரும்போது தொலைபேசியில் கேட்போம். யார் சரி என்று சொல்லாதீர்கள். இரண்டு பக்கமும் கேட்டீர்களா என்று மட்டும் கேளுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். இம்மடலில் ‘ஈடிணையற்ற’ என்ற சொல் இருப்பது நேற்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. மனிதர் யாரைப் பற்றியும் அப்படி எழுதக் கூடாது, எடுத்துவிட வேண்டும் என்று துறைக் கூட்டத்தில் வாதாடினீர்கள். வாக்கெடுத்தோம். இசைவாணியும் மற்ற கௌரவ விரிவுரையாளர்களும் வாக்களித்தார்கள். பணி நிறைவு நாள் வரை உங்களுக்கும் ஒரு வாக்கு உண்டு, அதையும் எண்ணினோம். நீங்கள் தோற்றீர்கள்.

ஈடிணையற்ற எங்கள் தில்லையம்மாள் அவர்களே, நோயின்றி நீடு வாழ்க.

இங்ஙனம்,
நிரந்தரமாகவும் ஆண்டுக்கு ஆண்டாகவும் பணியாற்றும்
அரசியல் அறிவியல் துறையார்
கடலூர், மே 2012