வரப்புக்குள் போட்ட கேபிள்

"என் வீட்டுக்காரர் வேலை போனதுக்கு நீங்கதான் சார் காரணம்."

மரக்காணத்திலிருந்து பாண்டிக்குப் போகும் பஸ்ஸில், உப்பளத்தில் வேலை செய்யும் பெண் ஒருத்தி, எனக்கு முன்சீட்டில் இருந்த உப்புக் கம்பெனி மேனேஜரிடம் சொன்னாள்.

"நானாம்மா மண்வெட்டியால ஃபைபர் கேபிளை வெட்டினேன்? ஒரு நாள் பூரா சென்னை ஆபீசுக்கு லைன் இல்லை. ஆர்டர் வராம லாரியெல்லாம் நின்னுச்சு."

"மழை முடிஞ்சா வரப்பை வெட்டித்தான் கட்டுவாங்க. அதுக்குள்ள ஏன் சார் கேபிள் போட்டீங்க?"

"ரெண்டு கம்பெனிக்காரன் வந்தான். ஒருத்தன் ரோட்டோரமா போட மூணு மாசம் ஆகும்னான். இப்ப போட்டவன் வரப்பு வழியா பத்து நாள்ல முடிக்கிறேன், அப்புறம் ராப்பகலா லைனை நாங்களே கவனிச்சுக்குறோம்னான்."

"கவனிச்ச லட்சணம்தான் தெரியுதே. வரப்பு கட்டுறவங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அவன் எடம் பார்க்க வந்தப்ப மழையில உப்பளம் பூரா தண்ணி. உங்க ஆளுங்க யாரும் வேலைக்கு வரலை."

"எங்க வீடு தெரியாதா? வேலைக்கு வராதேன்னு சொல்ல மட்டும் வீடு தேடி ஆள் அனுப்பினீங்களே."

பின்னால் யாரோ சிரித்தார்கள். மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கேபிள் அங்க இருக்குதுன்னாவது அவர்கிட்ட சொன்னீங்களா?"

"இங்க வேணாம்மா. ஆபீசுக்கு வா, பேசிக்கலாம்."

"ரூமுக்குள்ள பேச்சு வேணாம். எடைமேடைல எல்லார் முன்னாடியும்தான அவரைத் திட்டினீங்க? நாளைக்குக் காலைல அதே எடைமேடைல நின்னு, வரப்புல போடச் சொன்னது யாருன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க சார்."