பந்துக்கு ஏற்ற சூடு

உருட்டிவிட்டுக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் பந்து பார்ப்பதற்குக் கல் மாதிரி இருக்கும். ஆனால் அது எண்ணெய் குடிக்கும், ஐயா. ஓடுபாதையில் பூசியிருக்கும் எண்ணெய் ஒவ்வொரு உருட்டலிலும் கொஞ்சம் கொஞ்சமாக அதன் தோலுக்குள் இறங்கிவிடும். நாலைந்து மாதத்தில் பந்து சொன்ன பேச்சைக் கேட்காது. திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேரே போய்விடும். அப்போதுதான் என்னிடம் கொண்டுவருவார்கள்.

நான் வேலை செய்யும் பௌலிங் கூடத்தின் பின்பக்கம் எனக்கு ஒரு சூட்டறை உண்டு. குளியலறை அளவுதான். ஹீட்டர், காற்றாடி, பந்து வைக்கத் தட்டுகள், கதவுக்கு வெளியே தாழ்ப்பாள், பக்கத்திலேயே சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு. ஐம்பத்தைந்து டிகிரிக்கு மேல் போகக் கூடாது. போனால் பந்து விரிசல் விடும். பொறுமையாக வைத்தால் எண்ணெய் வியர்வை மாதிரி முத்து முத்தாக வெளியே வரும். துடைத்தால் போதும். பதினெட்டு வருஷத்தில் ஒரு பந்தைக்கூட நான் கெடுத்ததில்லை.

என் தங்கையின் கணவர் நல்லவர். குடிக்காத நேரத்தில் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். போன மாதம் தங்கை அவ்வளவு வெயிலிலும் கழுத்துவரை மூடிக்கொண்டு வந்தாள். அவளே சொன்னாள்: "அவர் கெட்டவர் இல்லண்ணா. உள்ள போறதுதான் அவரை ஆட்டி வைக்குது. அது வெளிய வந்துட்டாப் போதும்."

திங்கட்கிழமை கூடத்துக்கு விடுமுறை. பேச வேண்டும் என்று மாப்பிள்ளையை வரச் சொன்னேன். காலை பத்து மணிக்கே தள்ளாடிக்கொண்டு வந்தார்.

"உள்ள கொஞ்சம் உட்காருங்க மாப்ள. வேர்த்தாத் தெளிஞ்சிடும்."

"என்ன மச்சான், என்னையும் பந்துன்னு நெனச்சிட்டீங்களா?" என்று சிரித்துக்கொண்டே அவராகத்தான் போனார். நான் தள்ளவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டூல் போட இடம் வேண்டுமே என்று தட்டுகளை முந்தின நாளே கழற்றி வைத்திருந்தேன்.

முதல் ஒரு மணி நேரம் பாடினார். அப்புறம் என்னைத் திட்டினார். உள்ளே கிடந்த கசடு வெளியேறுகிறது என்று எடுத்துக்கொண்டேன். பிறகு குரல் இறங்கியது. "மச்சான், ஒரு வாய் தண்ணி. இனி அவளைத் தொடமாட்டேன், சத்தியமா."

அப்போதே திறந்திருக்கலாமே என்பீர்கள். பாதியில் எடுத்தால் அடியில் இருப்பது தங்கிவிடும், ஐயா. இது என் தொழில்.

ஒரு மணிக்குத் தங்கை போன் செய்தாள். "அண்ணா, அவர் அங்க வந்தாரா?"

"இல்லம்மா."

"ஏதோ தட்டுற சத்தம் கேக்குதே?"

"காத்தாடி ஆடுது. இன்னைக்குத்தான் சரிபண்ணணும்."

மூன்று மணிவாக்கில் தட்டுவது நின்றது. களைத்துப்போய்த் தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். வேறெதுவும் என் மனதில் இல்லை. அவர் விழித்துவிடக் கூடாதே என்று செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக நடந்து போய், சூட்டை எழுபதுக்கு ஏற்றிவிட்டு வந்தேன்.