வருஷத்துக்கு ஒருநாள்

— மணி ரெண்டே முக்கால். பங்குச் சந்தை மூட இன்னும் முக்கால் மணிதான் இருக்கு. லேப்டாப்பைத் திறந்துட்டியா டீச்சரம்மா?

— திறந்துட்டேங்க. முதல்ல மாத்திரையை முழுங்குங்க.

— முழுங்கறேன், நீ படி. எனக்கு எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது.

— ஊசி போட்டா நாலு நாளைக்கு அப்படித்தான் இருக்கும்னாங்களே. ஆனா முகம் தெளிஞ்சிருக்கு.

— ஒவ்வொரு ஊசிக்கும் இதையேதான் சொல்றே.

— தெளிஞ்சா வேற என்னன்னு சொல்றது?

— சரி சரி. போன வருஷம் நான் பண்ணினேன், நீ பார்த்தே. இந்த வருஷம் நீ பண்ணு, நான் பார்க்கறேன். அடுத்த வருஷம் பார்க்க ஆள் இருக்காது.

— ஆரம்பிச்சாச்சா?

— உன் ஸ்கூல்ல பென்ஷன் கிடையாது. எனக்கப்புறம் உனக்குச் சோறு போடப் போறது இந்த முதலீடுதான். அதான் படிச்சுப் படிச்சுச் சொல்றேன்.

— வருஷத்துக்கு ஒருதடவை பார்த்தா போதுமா? மாடி வீட்டுக்காரர் வாராவாரம் மாத்தறாராம்.

— மாத்தட்டும், அவர் புரோக்கர் வீடு கட்டிக்குவான். வாராவாரம் கை வெச்சா கமிஷன், வரி, வயித்தெரிச்சல். கண்டுக்காமயே விட்டாலும் ஆபத்து. வளர்றது மட்டும் வளர்ந்துக்கிட்டே போய் ஒருநாள் எல்லாத்தையும் இழுத்துக்கிட்டு விழும். வருஷத்துக்கு ஒருநாள் உக்காரு. வளர்ந்ததுல கொஞ்சம் வித்து, இளைச்சதுல போடு. மூடிட்டு உன் வேலையைப் பாரு.

— வளர்ந்தது என்னங்க பாவம் பண்ணுச்சு?

— டீச்சர் கேக்கற கேள்வியா இது? முதல் பெஞ்சுக்கு மட்டும் பாடம் எடுத்தா கிளாஸ் என்ன ஆகும்? படி. பங்கு?

— நூத்துக்கு அறுபது.

— கடன் பத்திரம்?

— முப்பது.

— தங்கம்?

— பத்து. எல்லாம் இருக்க வேண்டிய இடத்துல இருக்கு. மூடிடவா?

— மறுபடி படி.

— அறுபது, முப்பது, பத்துங்க.

— புள்ளிக்கு அப்புறம் எதுவும் இல்லையா?

— இல்லை.

— எத்தனையோ வருஷமா இதைப் பண்றேன். ஒருதடவைகூட கணக்கு இப்படி அச்சுப் பிசகாம வந்து உக்காந்ததில்லை. சந்தை சரியுதுன்னு டிவிக்காரன் தொண்டை கிழியக் கத்தறான். நம்ம பங்கு மட்டும் நகராம நிக்குதா?

— எப்படியோ நின்னிருக்கு.

— இது போன வருஷம் நான் வெச்சுட்டுப் போன கணக்கு. விடையைப் பார்த்து எழுதியிருக்கே டீச்சரம்மா.

— மாத்திரை அப்படியே கையில இருக்கு பாருங்க.

— திரையை இப்படித் திருப்பு.

— உங்களுக்குத்தான் சரியாத் தெரியாதே.

— சைபர் ரெண்டாத் தெரிஞ்சாலும் சைபர்தான். திருப்பு.

— வேண்டாங்க.

— எப்ப வித்தே?

— முதல்ல தங்கம், ரெண்டாவது ஊசிக்கு. அப்புறம் பத்திரம். பங்கைத்தான் கடைசி வரைக்கும் வெச்சிருந்தேன். அது சரியச் சரிய வித்தேன்.

— உனக்கு விக்கத் தெரியாதே.

— போன வருஷம் பக்கத்துல உக்கார வெச்சு நீங்கதானே காட்டினீங்க.

— இன்ஷூரன்ஸ்காரன் கட்டறான்னு சொன்னே.

— முதல் ஊசிக்கு மட்டும் கட்டினாங்க. அப்புறம் கையை விரிச்சுட்டாங்க. சொன்னா நீங்க ஊசியே வேண்டாம்னுடுவீங்க.

— ஒண்ணுமே மிச்சமில்லையா?

— பாங்க்ல அடுத்த ஊசிக்கு இருக்கு. அதுக்கு மட்டும். நீங்க எழுந்து நடந்தாப் போதுங்க, நான் டியூஷன் எடுத்துக் காலத்தை ஓட்டிடுவேன். முகம் தெளிஞ்சுக்கிட்டுத்தானே வருது?

— மூணாவது ஊசியன்னைக்கே டாக்டர் உன்னை வெளிய அனுப்பிட்டுச் சொல்லிட்டாரு, இந்த ஊசிக்கு நோய் கேக்கலைன்னு. முகம் தெளிஞ்சிருக்குன்னு நீ சொல்றதைக் கேக்கறதுக்காகத்தான் மேல மேல போட்டுக்கிட்டேன். இன்ஷூரன்ஸ்காரன் காசுதானேன்னு.