எந்த ஊசியும் போதும்

குறைந்த செலவில் ரெக்கார்டு பிளேயரைத் தேற்ற நினைப்பவர்கள் முதலில் மாற்ற வேண்டியது ஊசியைத்தான். எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. தட்டுக்கு அடியில் விரிக்கும் கார்க் விரிப்பு வாங்குவார்கள். நடுவில் வைக்கும் பித்தளைக் குமிழ் வாங்குவார்கள். பெட்டிக்குக் கீழே நான்கு ரப்பர் கால்களை ஒட்டிவிட்டு, 'அடடா, என்ன வித்தியாசம்' என்று கண்ணை மூடிக்கொள்வார்கள். கண்ணை மூடுவதற்கும் காது திறப்பதற்கும் சம்பந்தமில்லை என்பதை அவர்களுக்கு யார் சொல்வது?

காபியை எடுத்துக்கொள்ளுங்கள், வீப்கே. ஆறிவிடும். மேசைமேல் நீங்கள் வைத்திருக்கும் அந்த ஊசி என்னுடையதுதான். மறுக்கப் போவதில்லை. உங்கள் அப்பாவுக்கு நான்தான் கொடுத்தேன். ஏன் என்று கேட்டீர்கள். வரிசையாகச் சொல்கிறேன். முப்பத்தோரு வருடம் வானொலியில் ஒலிப்பதிவாளனாக இருந்தவன் நான். எதையும் முதலிலிருந்து ஓட்டித்தான் பழக்கம்.

உங்கள் அப்பா வுப்போ எனக்கு நேர் கீழ்வீட்டில் ஒன்பது வருடம் இருந்தார். நான் அவரை ஒருநாளும் 'நீங்கள்' என்பதைத் தவிர வேறு விதமாக அழைத்ததில்லை. அவரோ குடிவந்த அன்றே என்னை 'நீ' என்றார். பஸ் ஓட்டியவர் அல்லவா, ஊரில் பாதிப் பேர் அவருக்குப் பழக்கம். மீதிப் பேரையும் அப்படியே நினைத்துக்கொள்வார். மாடிப்படியில் ஏறும்போது பாடுவார். சுதி கால் பங்கு கீழே இருக்கும். நான் கதவைத் திறந்தால் நிறுத்துவதற்குப் பதில் கையை ஆட்டுவார்.

"ஹெஸ்ஸல், ஒருநாளாவது சிரிச்சுப் பாரேன்ப்பா. படிக்கட்டு ஒண்ணும் இடிஞ்சிடாது."

உங்கள் அம்மா ரென்ஸ்கே இறந்த வருடம்தான் அவர் என்னைத் தேடி மேலே வந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம். பட்டாணி சூப் வைத்திருக்கிறேன், கீழே வா, ஒரு இசைத்தட்டைக் கேட்டுவிட்டு யோசனை சொல் என்றார். போனேன். சூப் நன்றாகவே இருந்தது. கரண்டி நிமிர்ந்து நிற்கும் பதம். கறுப்பு ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் பக்கத்தில். பிறகு அலமாரியிலிருந்து ஒரு சிகரெட் டப்பாவைக் கொண்டுவந்தார். அதற்குள் பஞ்சு சுற்றி அந்தத் தட்டு.

உங்களுக்குத் தெரியாததல்ல. மே மாதச் சந்தையில் அந்தக் காலத்தில் ஒரு கூண்டு வரும். காசு போட்டு உள்ளே நின்று ஒரு நிமிடம் பேசலாம், பாடலாம். கையகலத் தட்டு ஒன்று கீழே வந்து விழும். மெழுகு மாதிரி மிருதுவான பொருள். பத்து முறை ஓட்டவே பயப்பட வேண்டும். அதில் பத்தொன்பது வயது ரென்ஸ்கே ஒரு பாட்டைப் பாதிவரை பாடுகிறாள். வெளியே ராட்டினச் சத்தம். நடுவில் பாட்டு உடைந்து சிரிப்பு வருகிறது. "வுப்போ, என் கோட்டுக் கைய விடு. ஓடிட்டிருக்குல்ல!" அவ்வளவுதான். பிறகு இரைச்சல்.

உங்கள் அப்பா வைத்திருந்தது ஒரு பிளாஸ்டிக் பெட்டி. தலைப்பாரம், வேக ஏற்றம், ஒரு பக்கச் சாய்வு, எல்லாக் குறையும் குடியிருந்த பெட்டி. கார்க் விரிப்பும் ரப்பர் கால்களும் ஏற்கெனவே வாங்கி மாட்டியிருந்தார். அந்த இரைச்சல் பெட்டியில் அவள் "விடு" என்றதும் அவர் கண்ணை மூடிக்கொண்டு, "விட்டுட்டேன், விட்டுட்டேன்" என்றார். என் முன்னால், கையில் ரொட்டியோடு. கன்னத்தில் தண்ணீர் ஓடியது, துடைக்கவும் இல்லை.

வேகம் கூடுதலாக இருக்கிறது என்று சொன்னேன்.

"அவ என்னிக்குமே வேகமாத்தான் பேசுவா" என்றார். பிறகு, "பெரிய மெஷினெல்லாம் எனக்கு வேணாம்ப்பா. சின்னதா ஏதாவது மாத்தினா அவ இன்னும் கொஞ்சம் கிட்ட வருவாளா?"

நான் நேர்மையாகத்தான் தொடங்கினேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தளர்ந்த பெல்ட்டை மாற்றினேன். ரசமட்டம் வைத்துப் பெட்டியை நேராக்கினேன். கார்க் விரிப்பைத் தூக்கி எறியச் சொன்னேன். சாதாரணமான, நல்ல ஊசி ஒன்று போட்டேன். அடுத்த ஞாயிறு ஓட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பட்டாணி வாசனை.

"மூச்சு வாங்கறாடா ஹெஸ்ஸல். சிரிக்கறதுக்கு முன்னாடி மூச்சு வாங்கறா. இத்தன வருஷம் எனக்கு இது தெரியலியே."

அந்தப் பெட்டியில் எனக்கு மூச்சு கேட்கவில்லை. ஒரே ஒரு நாள் கடன் வாங்கிக்கொண்டு தட்டை மேலே எடுத்துப் போனேன். என் அறையை நீங்கள் பார்த்தீர்கள். நான்கு சுவருக்கும் கம்பளி அடித்து, கனமான கல் பலகைமேல் பிளேயரை அமர்த்தி, இருபது வருடம் ஒவ்வொரு திருகாகப் பார்த்துச் சேர்த்தது. அதில் ஓட்டினேன். மூச்சு இருந்தது. மிகத் தெளிவாக இருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பெண் மூச்சு வாங்கினாள், சிரித்தாள். அளவுமானி முள் சிவப்புக்குப் போய்த் திரும்பியது.

தகுதி என்று ஒன்று உண்டா இல்லையா? நாற்பது வருடம் காதைத் தீட்டியவனுக்கு வராதது, பிளாஸ்டிக் பெட்டிமுன் சூப் குடிக்கும் மனிதருக்கு வருகிறது என்றால் அவர் ஒலியைக் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம். அவருக்கு எந்த ஊசியும் போதும். இதை நான் கோபத்தில் யோசிக்கவில்லை, நிதானமாகத்தான் யோசித்தேன். எந்த ஊசியும் போதும் என்றால், எந்த ஊசியும் போதுமா என்று பார்த்துவிடலாமே.

என் மேசை இழுப்பறையில் முனை உடைந்த ஊசி ஒன்று கிடந்தது. உருப்பெருக்கியில் பார்த்தால் உளி மாதிரி இருக்கும். உங்களுக்கு அதைப் பார்த்துச் சொன்ன கடைக்காரர் கெட்டிக்காரர். இந்த ஊரில் அப்படி ஒருவர் இருப்பது எனக்குத் தெரியாது. அப்பாவின் பிறந்தநாளுக்கு அதைச் சின்னப் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். மிருதுவான தட்டுக்கென்றே செய்தது, கொஞ்சம் பாரமாக அமர வேண்டும் என்று சொல்லி, நானே பொருத்தி, நானே பாரத்தை ஏற்றினேன்.

"எனக்குன்னு இவ்ளோ மெனக்கெட்டியாப்பா" என்றார். அன்று கேக் வெட்டினார்கள். உங்கள் பையன்கள் இருந்தார்கள். நீங்கள்கூட எனக்கு நன்றி சொன்னீர்கள்.

அக்டோபர் முதல் ஒவ்வொரு ஞாயிறும் கீழே போனேன். வரவர நானும் அதை எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டேன் என்பதை மறைக்கவில்லை. முதலில் ராட்டினச் சத்தம் போயிற்று. பிறகு பாட்டின் மெல்லிய எழுத்துகள். ஊசி முனையில் சாம்பல் நிறப் பொடி சேரும். தூசி என்று நினைத்து அவர் ஊதிவிடுவார். அந்தப் பொடிதான் உங்கள் அம்மா, அப்படிச் சொல்ல வேண்டுமென்றால்.

மங்க மங்க அவர் இன்னும் அதிகமாக ஓட்டினார். ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று முறை. புது ஊசி பழக வேண்டும், விடாமல் ஓட்டுங்கள் என்று நான்தான் சொன்னேன். டிசம்பரில் காதில்தான் கோளாறு என்று முடிவுக்கு வந்தார். தான் பாடிவந்த பாடகர் குழுவிலிருந்து விலகினார். வெளியிலிருந்து பார்த்தால் அது குழுவுக்கு நன்மைதான். மருத்துவர் காதைச் சோதித்துவிட்டு வயதுக்கு நன்றாகவே இருக்கிறது என்றார். அதைக் கேட்டு மனிதர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், முகம் செத்துவிட்டது.

"அப்போ காது இல்ல ஹெஸ்ஸல். அவதான் போறா. நான் ஏதோ பண்ணிட்டேன் போல, கோவமா இருக்கா."

"வயசானா அப்படித்தான், வுப்போ. ஞாபகம் தேயும்" என்றேன்.

உண்மையைச் சொல்ல அது நல்ல தருணம் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அப்போது தட்டில் இன்னும் சிரிப்பு மிச்சமிருந்தது என்பதுதான் கவனத்தில் இருந்தது. சோதனையைப் பாதியில் நிறுத்துவது என் வழக்கமல்ல.

மார்ச்சில் சிரிப்பும் போயிற்று. மழை அடித்துக்கொண்டிருந்த மதியம். தட்டு சுற்றியது, சுரண்டும் சத்தம் மட்டும் வந்தது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் பேச வேண்டிய இடம் வந்தபோது வாயைத் திறந்தார். வாயை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து சமையலை விட்டுவிட்டார் என்பது உங்களுக்கே தெரியும். நீங்கள்தானே வந்து பார்த்து, முதியோர் இல்லத்துக்கு அழைத்துப் போனீர்கள். இப்போது சாப்பிட மறுக்கிறார் என்கிறீர்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. எந்த ஊசியும் போதும் என்று இருந்தவர் ஊசியே இல்லாமலும் சமாளித்திருக்க வேண்டும்.

"எங்கப்பா உங்கள நம்பினாரு" என்று வந்ததும் சொன்னீர்கள். அதில் தவறில்லை. பெல்ட் விஷயத்தில் நான் சொன்னது அத்தனையும் சரி.

இன்னொன்றும் கேட்டீர்கள், கதவருகிலேயே நின்றபடி. பிரதி ஏதாவது இருக்கிறதா என்று. அவரும் டிசம்பரில் கேட்டார். இல்லை என்று சொன்னேன். இருந்தது. தட்டை மேலே கொண்டுவந்த அன்றே நாடாவில் எடுத்துவிட்டேன். அப்படி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பதியாமல் விட என்னால் முடியாது. ராட்டினம், பாட்டு, மூச்சு, சிரிப்பு, எல்லாமே இருந்தது. ஒலிப்பதிவு என்ற வகையில் அதில் ஒரு குறை சொல்ல முடியாது.

போன வியாழக்கிழமை நீங்கள் தொலைபேசியில் பேசி முடித்ததும் அதை அழித்துவிட்டேன். நீங்கள் அதை இல்லத்துக்கு எடுத்துப் போய், கட்டில் பக்கத்தில் ஏதோ ஒரு பொம்மைப் பெட்டியில் போட்டுக் காட்டியிருப்பீர்கள். அவர் மறுபடியும் அழுதிருப்பார், சாப்பிட்டிருப்பார். நல்ல பதிவுக்கு அது மரியாதை இல்லை.

அழிப்பதற்கு முன் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். உணர்ச்சி வசப்பட்டு அல்ல, ஒலி அளவு சரிதானா என்று பார்க்க. திருப்தி வரவில்லை, திரும்ப ஓட்டினேன். காலையில் உட்கார்ந்தவன் எழுந்தபோது சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. நூற்றுப் பதினான்கு முறை. ஒலி அளவுக்காகத்தான்.