செவ்வாக்கிழமக்காரி

இல்ல ஐயரம்மா, அந்தப் பாயில இருக்காதிய, ஈரம். இப்பதான் பிள்ள மோண்டு வச்சிருக்கா. இந்தச் சேர்ல இருங்க. மாமி, எங்க வீட்டுக்காரவுக அம்மா, ரேசன் கடைக்குப் போயிருக்காவ, வந்திருவாவ. போதகர் ஐயரவாள் வரலியா? சரி. எங்கயோ பாத்த மூஞ்சியாட்டு இருக்கா? இருக்கும். ஆனா கோயில்ல பாத்திருக்க மாட்டிய. நீங்க ரெண்டு பேரும் இந்தச் சபைக்கு மாத்தலாகி வந்த பெறகு நான் ஒரு ஞாயித்துக்கெழமையும் ஆராதனைக்கு வரல. அதக் கேக்கத்தான வந்திருக்கிய?

தெரியும். முந்தாநாள் பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்தாச்சு, பெத்தவ மட்டும் அங்கன இல்ல. ஏன்னு கேக்கணும்லா. கேளுங்க. நான் பொதுவா வாயத் தொறக்க மாட்டேன். டெபோரா வீட்ல இருக்காளா இல்லியான்னே தெரியாதுன்னு மாமியே சொல்லுவாவ. ஆனா இன்னைக்கு எனக்கு வயிறு எரியுது. ஒண்ணும் நெனச்சுக்கிடாதிய.

வண்ணார்பேட்டைல ஒரு ஜவுளிக்கடைல நிக்கேன். நிக்கேன்னுதான் சொல்லணும். சட்டம் வந்திருக்குன்னு ஸ்டூல் வாங்கிப் போட்டாவ, அதுல அட்டப்பெட்டிதான் உக்காந்திருக்கு. எனக்கு வார லீவு செவ்வா. எங்க வீட்டுக்காரவுக, கிங்ஸ்டன், பேட்டைல வெல்டிங் பட்டறைல இருக்காவ. முதலாளி அசன் முகம்மது பாய் தங்கமான மனுசன். வெள்ளிக்கிழம தொழுகைக்குப் பட்டறைய அடைச்சிருவாவ. ஆக இவுகளுக்கு வெள்ளி, எனக்குச் செவ்வா, கர்த்தருக்கு ஞாயிறு. நாங்க புருசன் பொண்டாட்டி பிள்ளையோட பகல்ல ஒண்ணா இருந்து சோறு தின்னது போன தீவாளிக்குத்தான். அன்னைக்குத்தான் கடையும் பட்டறையும் சேந்து அடைச்சிருந்துது. தீவாளி கொண்டாடாதவங்களுக்குத் தீவாளிதான் பெருநாளு, பாத்துக்கிடுங்க.

செவ்வாக்கிழம லீவ வச்சு என்ன செய்ய? ஊருக்கே வேல நாளு. ஒரு விசேசம் கெடையாது, எந்தச் சொந்தக்காரவுக வீட்டுக்குப் போனாலும் பூட்டு தொங்கும். துணி தொவச்சு, பிள்ளையக் குளிப்பாட்டி, ஒரு கொழம்பு வச்சா சாயந்திரம் ஆயிரும்.

காலண்டர்ல செவப்புச் செவப்பாப் போட்டிருக்காவள்லா, அது யாருக்கு ஐயரம்மா? நான் ஆறாவதோட நின்னவ, நெசமாத்தான் கேக்கேன். ஆபீசுக்காரவுகளுக்குச் சனியும் ஞாயிறும். பேங்குக்காரவுகளுக்கு ரெண்டாவது சனி, நாலாவது சனி. ஆனித் தேருக்கு உள்ளூர் லீவு விட்டா, அதுக்குப் பதிலா ஒரு சனிக்கிழம வேலைன்னு பேப்பர்ல போடுதாவ. எம்புட்டு நாயம்! ஒருநாளு அங்கிட்டு இங்கிட்டு போவக் கூடாது. அந்த லீவுக்காரவுக பூராவும் எங்க வாராவ? எங்க கடைக்குத்தான். தேர் பாத்துட்டு வேத்து ஒழுக வந்து, ஏசிக்கு அடில நின்னுக்கிட்டு, எடுத்துப் போடும்மான்னு ஒரு மணி நேரம் பாத்துட்டு, அடுத்த வாரம் வாரோம்னு எறங்கிப் போயிருவாவ.

சுதந்திர தினத்துக்கு எங்களுக்குக் கொடியேத்தம் உண்டு. கடை வாசல்ல. ஆளுக்கு ஒரு முட்டாய் குடுப்பாவ, அது வாயில கரையுததுக்குள்ள ஷட்டரத் தூக்கிருவாவ. மே தினத்துக்கு என்ன செஞ்சாவ தெரியுமா? தொழிலாளர் தினச் சிறப்புத் தள்ளுபடின்னு பேனர் கட்டினாவ. கட்டுத வரைக்கும் அதப் பிடிச்சிக்கிட்டு வெயில்ல நின்னது நாங்க. எங்கூட நிக்குத பொன்செல்வி கேட்டா, ஏட்டி, இவனுவ சேலையத் தள்ளுதானுவளா, நம்மளத் தள்ளுதானுவளான்னு. சிரிச்சதுக்கு ரெண்டு பேரும் ஏச்சு வாங்கினோம்.

சட்டமா? அதெல்லாம் இருக்கு. லீவு நாள்ல வேல வாங்கினா ரெட்டச் சம்பளம், இல்லன்னா வேற ஒருநாள் லீவு. ஒரு ஆபீசர் வந்து கேக்கவும் செஞ்சாரு. குடுக்காவளாம்மான்னாரு. முதலாளி பின்னால நிக்காவ. எல்லாரும் தலையாட்டினோம். நானுந்தான் ஆட்டினேன். ஆட்டினத எழுதிக்கிட்டுப் போயிட்டாரு.

சரி, நம்ம விசயத்துக்கு வாரேன். பிள்ளைக்கு ஒரு வயசாவப் போவுது. இன்னும் ஞானஸ்நானம் ஆவலியான்னு கேக்காத ஆளு கெடையாது. எங்க வீட்டுக்காரவுக ஐயரவாள்ட்ட வந்து கேட்டாவள்லா, ஒரு செவ்வாக்கிழம வச்சுக்கிடலாமா, கூட்டம் வேண்டாம், நாங்க நாலு பேரு போதும்னு? சபைக்கு முன்னாலதான் குடுக்கணும், ஞாயித்துக்கெழம ஆராதனைலதான்னு சொல்லி அனுப்பினிய. அது ஒங்க மொற. நான் கொறை சொல்லல. இல்ல, சொல்லத்தான் செய்யுதேன். கடவுளுக்கும் கடைக்காரனுக்கும் ஒரே நாளா வேணும்? அந்த ஒருநாள இழுத்துப் பிடிச்சா நடுவுல கிழியுதது நான்லா?

இவுகளுக்குப் பாய் அன்னைக்குக் காலைல மட்டும் லீவு குடுத்துட்டாவ. நானும் கடைல கேட்டேன். எங்க மாடிக்கு மேற்பார்வை செல்வமணி அண்ணாச்சி, நம்ம வேதக்காரருதான். அண்ணாச்சி, காலைல ரெண்டு மணி நேரம் மட்டும் விடுங்க, ஓடி வந்திருதேன்னேன். ஆடித் தள்ளுபடி நேரத்துல ஞாயித்துக்கெழம லீவு கேக்க ஒனக்கு எப்படிம்மா வாய் வந்துது, நானே கோயில் வாசப்படிய மிதிச்சு வருசக்கணக்காச்சுன்னாவ. பெறகு, பிள்ளைக்குத்தான ஞானஸ்நானம், ஒனக்கா குடுக்கப் போறாவன்னு ஒரு கேள்வி. கூட நின்ன பிள்ளையெல்லாம் சிரிச்சிட்டாளுவ. மீறிப் போயிருக்கலாமா? போலாம். போனா அப்பிடியே வீட்ல இருந்துக்கிட வேண்டியதான். பட்டறைச் சம்பளத்த மட்டும் நம்பி வீட்டு வாடகைய யாரு குடுப்பா?

வெள்ளக் கவுனு நான்தான் எடுத்தேன், எங்க கடைலயே. அன்னைக்கு வெள்ளன எந்திரிச்சு, தண்ணி காயவச்சு ஊத்தி, கவுனப் போட்டு மாமி கையில குடுத்துட்டு ஓடினேன். கடை வாசல்லயே செல்போன வாங்கி வச்சிருவாவ. மூணாவது மாடில ஜன்னல் கெடையாது, வெளிய வெயிலா மழையான்னு தெரியாது. நான் சேலைய விரிச்சுக்கிட்டே மனசுக்குள்ள ஆராதனை நடத்துதேன். இப்பம் முதப் பாட்டு. இப்பம் ஜெபம். இப்பம் பிள்ளைக்கு என்ன பேருன்னு கேப்பாவ. இப்பம் தண்ணி. வீல்னு கத்துவாளே, அவளத் தோள்ல போட்டு முதுகத் தடவணும், மடில வச்சா அடங்க மாட்டாளே, மாமிக்கு அது ஞாபகம் இருக்குமோன்னு நெனச்சுக்கிட்டு நிக்கேன். ஒரு அம்மா சொல்லுதா, ஏ பிள்ள, தூங்குதியா, அந்த வாடாமல்லிக் கலர எடுன்னு.

நான் அழல ஐயரம்மா. கோவம் வந்தா எனக்குக் கண்ணுல தண்ணி வரும், அம்புட்டுத்தான்.

பிள்ள அழவே இல்லன்னா சொல்லுதிய? தெரியும். ராத்திரி இவுக வந்து சொல்லுததுக்கு முந்தியே எனக்குத் தெரியும். நீங்கதான் சொன்னிய.

அன்னைக்கு மத்தியானம் கடைக்கு வந்தியள்லா? மூணாவது மாடி. கூட ரெண்டு அம்மாமாரு, ஒங்கள ஐயரம்மான்னு கூப்பிட்டாவ. கைப்பைல வேதப்புஸ்தகம் எட்டிப் பாத்துது. கல்யாணத்துக்குக் கட்டணும், நல்லதாக் காட்டும்மான்னிய. நான்தான் காட்டினேன். நீங்க சேலையத்தான பாத்திய, அதான் எங்கயோ பாத்தாப்ல இருக்கு. அந்த மயில்கழுத்துக் கலர எந்தோள்ல போட்டுக் காட்டச் சொன்னிய. போட்டுக்கிட்டு நிக்கேன். அப்பதான் அவுகட்ட சொல்லுதிய, இன்னைக்கு ஒரு பிள்ளைக்கு எப்சிபான்னு பேரு வச்சோம், தண்ணி பட்டும் ஒரு சத்தம் இல்ல, ஆனா பெத்தவ எட்டிப் பாக்கல, இந்தக் காலத்துல பிள்ளைய விட துட்டுதான் பெருசுன்னு. சொல்லிட்டு என்னப் பாத்து, கொஞ்சம் திரும்பி நில்லும்மா, முந்திய நல்லாக் காட்டுன்னிய.

திரும்பி நின்னேன்.

எந்திரிக்காதிய, இருங்க. மன்னிப்பெல்லாம் எதுக்கு? காப்பி போடுதேன், குடிச்சிட்டுப் போங்க. பிள்ளையும் இப்ப முழிச்சிருவா.

அந்த மயில்கழுத்துச் சேலைய வீட்ல பிரிச்சுப் பாத்தியளா? முந்திக்கிட்ட ஒரு நூலு இழுத்துக் கெடக்கு. எப்பமும் நானே சொல்லி வேற எடுத்துக் குடுப்பேன். அன்னைக்குச் சொல்லல, மடிச்சு அனுப்பிட்டேன். கல்யாணத்துக்கு முந்தி மாத்திக்கிடுங்க. பில்லக் கொண்டு வரணும். ஞாயித்துக்கெழமையும் லீவு நாள்லயும் மாத்திக் குடுக்க மாட்டாவ, வேல நாள்லதான் வரணும். செவ்வாக்கிழம மட்டும் வராதிய. அன்னைக்கு எனக்கு லீவு.